பையனுக்கு எந்த கேம் மெஷின்? தச்சநல்லூர் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி கேட்டது மூன்று கேள்வி. பத்தாவது பரீட்சை முடித்த மகன் கேம் கன்சோல் கேட்கிறான், எதை வாங்க? இன்டர்நெட்டில் பத்துக்கு ஒன்பது, நூற்றுக்குத் தொண்ணூறு என்று மார்க் போடுகிறார்களே, அதை நம்பலாமா? கேமை வைத்து எடுத்த படங்கள் பார்க்கத் தேறுமா? போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். அரை லட்ச ரூபாய் போகிற காரியம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முப்பது வருஷமாக விளையாடுகிறவன். ஒரு ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்குப் போனபோது, ரத வீதிக் கடை ஒன்றில் அப்பா டி.வி. கேம் வாங்கித் தந்தார். 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற மெஷினைப் பார்த்துச் செய்த நகல் அது. அப்போது நம் ஊருக்கு வந்ததெல்லாம் அந்த நகல்கள்தான். கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு கேமையே திருப்பித் திருப்பி அடுக்கியிருப்பான். அதில் ஒன்று மரியோ. 1985-ல் வந்த அந்த முழு கேமும் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு போட்டோ அதைவிடப் பெரிது. இடம் பற்றாமல், வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டிருப்பார்கள். இருபது வருஷம் கழித்து அதைக் கவனித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கூடவே வாத்துச் சுடும் துப்பாக்கி ஒன்று வந்தது. அதில் இருந்து எதுவும் வெளியே போகாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கிக்குள் வெளிச்சத்தை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளை அதன் கண்ணில் பட்டால் வாத்து விழும். பழைய குண்டு டி.வி. சிக்னல் வந்த நொடியிலேயே படத்தை வரைந்ததால்தான் இது நடந்தது. போன வருஷம் பரணில் இருந்து அதை இறக்கி எல்.இ.டி. டி.வி.யில் மாட்டினேன். ஒரு வாத்தும் விழவில்லை. இந்த டி.வி. படத்தை மெருகேற்றிக் காட்டக் கொஞ்சம் தாமதிக்கிறது. துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் வெள்ளைச் சதுரம் இன்னும் வந்து சேரவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கேம் மெஷின் தனியாக நின்று ஓடுகிற சாமான் இல்லை. அது வைக்கிற டி.வி., வீட்டுக் கரண்ட், தெருவுக்கு வருகிற நெட், கூட விளையாட வருகிற ஆள் எல்லாம் சேர்ந்துதான் மெஷின். கலிஃபோர்னியாவில் ஒருவர் மார்க் போடும்போது அவர் வீட்டை வைத்துத்தான் போடுகிறார். நாம் தச்சநல்லூர் வீட்டுக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது களத்தில் இருப்பது மூன்று கம்பெனி: சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச். ஸ்விட்ச் அருமையான மெஷின். 2017-ல் வந்தது, 2025-ல் அடுத்தது வந்துவிட்டது. கையிலேயே வைத்தும் ஆடலாம், டி.வி.யில் மாட்டியும் ஆடலாம். ஆனால் நின்டெண்டோ நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை. கடைகளில் இருப்பதெல்லாம் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தது. துபாயில் இருக்கும் மச்சான் லீவுக்கு வரும்போது வாங்கி வந்தால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே காசு கொடுத்து வாங்கினால், பழுதானபோது போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

எக்ஸ்பாக்ஸில் சீரிஸ் எஸ் என்ற சின்னப் பெட்டி 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தது. விலைக்கு நல்ல சாமான், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். ஆனால் அதில் டிஸ்க் போடும் வாய் இல்லை. எல்லா கேமையும் நெட்டில்தான் இறக்க வேண்டும். 512 ஜி.பி. என்று எழுதியிருக்கும், கேமுக்கு மிஞ்சுவது சுமார் 364 ஜி.பி. இன்றைய பெரிய கேம் ஒன்றே 100 ஜி.பி. இருக்கிறது. கணக்குப் பாருங்கள்: வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இருந்து, அது சொன்ன வேகத்தில் ஓடினால் 100 ஜி.பி. இறங்க இரண்டே கால் மணி நேரம். 20 எம்.பி.பி.எஸ். என்றால் பதினொரு மணி நேரம். களக்காட்டுப் பக்கம் என் சித்தப்பா மகன் ஒரு நாளைக்கு 2 ஜி.பி. கிடைக்கும் போன் நெட்டை வைத்து இதை வாங்கினான். அந்த ரீசார்ஜில் ஒரு கேம் இறங்க ஐம்பது நாள். அவனுக்கு வாங்குமுன் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே என் பதில்: டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன் 5, சுருக்கமாக பிஎஸ்5. டிஸ்க் இல்லாத மாடல் சில ஆயிரம் குறைவு, அந்த ஆசைக்கு விழ வேண்டாம்.

டிஸ்க்குக்கு நான் இவ்வளவு அடம்பிடிக்கக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் ஏறி வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கரண்ட் முதலில் திரும்பியது, நெட் பல நாள் இல்லை. பள்ளிக்கூடமும் லீவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கிரிக்கெட் டிஸ்க்கைப் போட்டு ஆடினார்கள். நெட்டில் இறக்கி வைத்த கேம்களும் மெஷினுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் ஓடும்தான். ஆனால் புதிதாக ஒன்றை எடுக்க முடியாது. அலமாரியில் டிஸ்க் இருந்ததால் ஒரு வாரம் பிள்ளைகளுக்கு நல்லபடியாகப் போனது.

அடுத்தது கைமாற்று. புது டிஸ்க் நாலாயிரம், ஐந்தாயிரம் சொல்கிறான். எங்கள் கூட்டத்தில் பாளையங்கோட்டையில் ஒருவர், தென்காசியில் இருவர், அம்பையில் ஒருவர் இருக்கிறோம். ஆளுக்கொன்று வாங்கி, முடித்ததும் பஸ்ஸில் வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவோம். ஒரு டிஸ்க் வருஷத்தில் ஐந்து வீடு சுற்றும். கடைசியில் பாதி விலைக்கு விற்றும் விடலாம். நெட்டில் வாங்கியதைக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. இன்னொன்று: இதற்கு முந்தைய மெஷினான பிஎஸ்4-ன் டிஸ்க்குகளில் ஏறத்தாழ எல்லாம் பிஎஸ்5-ல் ஓடும். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன. முதல் ஒரு வருஷத்துக்குப் பையனுக்கு அதுவே தாராளம்.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமே என்று தோன்றும். முன்பு அப்படித்தான் நடந்தது. 2000-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009-ல் 99 டாலர். டி.வி.டி. பிளேயராகவும் அது உதவியதால் உலகம் முழுக்க 16 கோடி விற்றது. வேறு எந்த வீட்டு கன்சோலும் அதைத் தொடவில்லை. பிஎஸ்5 கதை தலைகீழ். இங்கே 2021 பிப்ரவரி 2-ல் டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். 2022 நவம்பரில் 54,990 ஆக ஏற்றினார்கள். வருஷம் காத்திருந்து பயனில்லை. தீபாவளி ஒட்டித் தள்ளுபடி போடுவார்கள், அதற்குக் காத்திருந்தால் போதும்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் போடுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஐப்பசியில் இடி இடித்தால் பிளக்கோடு நெட் வயரையும் பிடுங்கி வையுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். டி.வி. ஸ்டாண்டின் அடைத்த அறைக்குள் திணிக்காதீர்கள், அக்னி நட்சத்திரத்தில் காற்றாடி கத்தும். டி.வி. செட்டிங்கில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். வாத்து விழாமல் போன அந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

கன்ட்ரோலர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில மாதம் போனதும் பையன், "யாரும் தொடாமலே ஆள் தானா நடக்கான்" என்பான். அவன் சொல்வது நிஜம். கட்டைவிரல் வைக்கும் குச்சிக்கு அடியில் கார்பன் பூசிய சின்னத் தடம் ஒன்றும், அதன் மேல் உரசுகிற உலோக நாக்கு ஒன்றும் இருக்கின்றன. ஃபேன் ரெகுலேட்டரை மெல்லத் திருகுவது போலத்தான். உரசி உரசித் தடம் தேய்ந்தால், குச்சி நடுவில் இருந்தும் சாய்ந்திருப்பதாக மெஷின் நினைக்கும். நான் ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லி வாங்கிய கன்ட்ரோலர் மூன்றே மாதத்தில் இப்படி ஆனது. பில் இல்லாமல் வாங்கியதால் மாற்றித் தரவில்லை. கடைசியில் ஜங்ஷன் பக்கம் போன் ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருவர் பிரித்துக் காட்டினார்; உள்ளே சர்க்யூட்டே வேறு, முழு நகல். அதற்கப்புறம் பில் இல்லாமல் நான் எதுவும் வாங்குவதில்லை. நிஜ கன்ட்ரோலராக இருந்து வாரண்டி முடிந்திருந்தால், பற்றவைப்பு தெரிந்த போன் மெக்கானிக் அந்தக் குச்சிப் பகுதியை மட்டும் மாற்றிவிடுவார். புதிது வாங்கத் தேவையில்லை. காந்தத்தால் அளக்கிற ஹால் எஃபெக்ட் குச்சிகளும் வந்துவிட்டன. அதில் உரசல் இல்லை.

இனி மார்க். மெட்டாகிரிட்டிக் என்று 2001-ல் ஆரம்பித்த தளம், பல பேர் போட்ட மதிப்பெண்ணை எடுத்து, சராசரி போல ஓர் எண்ணைத் தருகிறது. பையன் காட்டிய தொண்ணூறு அதுதான். அந்த எண் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்கு ஒரு சம்பவம். 2010-ல் ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேமை அப்சிடியன் என்ற குழு செய்தது. 85 வந்தால் போனஸ் என்று வெளியிட்ட கம்பெனியோடு ஒப்பந்தம். வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போயிற்று. இன்று வரை கதைக்காகக் கொண்டாடப்படுகிற கேம் அது. எண்ணை நம்பி ஆளின் கூலியையே நிறுத்துகிற இடத்தில், அந்த எண்ணைப் பார்த்து நாம் காசு போடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

இன்னொன்று, 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077. வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் பிரதியை மட்டும் கொடுத்தார்கள். தாங்கள் ஆடிய காட்சியைப் பதிவுசெய்து காட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். மார்க் தொண்ணூறு வந்தது. பிஎஸ்4 வைத்திருந்தவர்கள் அதை நம்பி வாங்கிப் போட்டால், ஆள் தரைக்குள் புதைகிறான், கேம் நடுவில் நின்று போகிறது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையில் இருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில். அங்கே விமர்சகர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் ஆடிய மெஷின் வேறு, நம் வீட்டு மெஷின் வேறு.

அதனால் நான் விமர்சனம் படிக்கும்போது மார்க்கை மறைத்துவிட்டு, இவர் எந்த மெஷினில் ஆடினார், முடிக்கும்வரை ஆடினாரா என்று பார்ப்பேன். முடிக்காமல் எழுதியது முதல் பாதி பார்த்துவிட்டு வந்து சொல்கிற பட விமர்சனம் மாதிரி. அப்புறம் ஆளைப் பார்ப்பேன். ராம் தியேட்டரில் முதல் காட்சி முடிந்து வருகிற பத்துப் பேரிடம் படம் எப்படி என்று கேட்டால் பத்துப் பதில் வரும். ஆனால் உங்கள் ரசனை தெரிந்த ஒரு கூட்டாளி "வே, இது உமக்குப் பிடிக்கும்" என்றால் அதற்கு மேல் கேட்க மாட்டீர்கள். கேமுக்கும் அப்படி ஒரு விமர்சகரைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்ததை அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை. ஏன் திட்டுகிறார் என்று நமக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

மார்க் சொல்லாத விஷயத்துக்கு எனக்கு நெருக்கமான உதாரணம் வெண்பா. 2023-ல் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பம். தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் நோட்டு கறைபட்டு, எழுத்து அழிந்து கிடக்கிறது. எது முன்னே எது பின்னே என்று யோசித்து நாம்தான் இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். புட்டுக்குழாயில் அடிச்சில்லு போடாமல் மாவைக் கொட்டினால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். வேறு ஊர்க்காரர் அதைத் திரையில் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொள்வார். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. விமர்சனங்களில் பலர் சொன்ன குறை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. அது உண்மைதான். என் அம்மா கன்ட்ரோலரைத் தொட்டவரே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏலே, தேங்காய்ப்பூவை முதல்ல போடு" என்று சொல்லிச் சொல்லிக் கூடவே அவித்தார். முப்பது வருஷத்தில் அவர் என்னோடு ஆடிய ஒரே கேம் இது. கவின் அம்மாவுக்குத் தமிழில் பதில் சொல்லாமல் இங்கிலீஷில் சொல்லும் இடத்தில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்; என் தங்கை மகன் வெளிநாட்டில் அப்படித்தான் பேசுகிறான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த எண்ணைப் போட?

இனி படங்கள். கேமும் சினிமாவும் சேர்ந்து மோசமானதற்கு ஆரம்பம் 1982. ஈ.டி. படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, கிறிஸ்துமஸுக்குள் கேம் வேண்டும் என்று அட்டாரி கம்பெனி ஒரே ஆளுக்கு ஐந்து வாரம் கொடுத்தது. விற்காத கேசட்டுகளை நியூ மெக்ஸிகோவில் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டியபோது நிஜமாகவே கிடைத்தன. படத்தை வைத்துச் செய்கிற கேமுக்கு அவகாசம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜேம்ஸ் பாண்டின் கோல்டன்ஐ. படம் 1995-ல், கேம் 1997-ல். துப்பாக்கி கேம்களில் அது ஒரு மைல்கல்.

கேமில் இருந்து படம் என்றால், மரியோவை 1993-ல் ஆட்களை வைத்து எடுத்தார்கள். டைனோசர் உலவுகிற இருட்டு நகரத்தில் அவனைக் கொண்டுபோய் விட்டு, படம் விழுந்தது. 2023-ல் அனிமேஷனாக எடுத்தது 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மரியோவுக்குக் கதை கிடையாது, ஓடுவான், குதிப்பான். ஓடுவதையும் குதிப்பதையும் அழகாகக் காட்டியதும் பிள்ளைகளுக்குப் போதுமாக இருந்தது. பெரிய படம் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு பார்க்கலாம்.

நிஜமாகவே தேறியது தி லாஸ்ட் ஆஃப் அஸ். 2013 கேம், 2023-ல் தொடர். கேமில் பில் என்பவனுக்கும் ஃபிராங்க் என்பவனுக்கும் இருந்த உறவு ஒரு கடிதத்தில் சில வரிகளாக மட்டும் வரும். தொடரில் ஒரு முழுப் பகுதியே அவர்களுக்கு. அதில் சண்டை சொற்பம். கேமில் ஆட முடியாததை எடுத்ததால்தான் அது சினிமாவாக நின்றது. ஆனாலும் கதையின் முடிவில் ஒரு அறைக்குள் நாயகன் போகிற இடம் இருக்கிறது. தொடரில் அவன் செய்வதைப் பார்த்தேன், மனம் கனத்தது. கேமில் அதே இடத்தில் என் விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தாமல் எவ்வளவு நேரம் நின்றாலும் கதை நகராது. நான் நின்று பார்த்துவிட்டு அழுத்தினேன். அந்த உறுத்தலைக் கொண்டுவர எந்த இயக்குநராலும் ஆகாது என்பது என் முடிவு. அண்ணாச்சி, தொடரை நீங்கள் பாருங்கள். கேம் பெட்டியில் 18 என்று போட்டிருக்கும், தம்பிக்கு இப்போது வேண்டாம். பெட்டியின் முன்பக்கம் 3, 7, 12, 16, 18 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது ஆகாது என்று அர்த்தம். கடைக்காரர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: 2019-ல் அஸ்வின் சரவணன் இயக்கிய கேம் ஓவர். எந்தக் கேமின் கதையையும் எடுக்காமல், ஒரு ஆட்டம் போனால் அடுத்த உயிரில் திரும்ப ஆடலாம் என்கிற கேமின் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பயந்து ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். நாயகியாக டாப்ஸி. கேம் ஆடுகிறவனுக்குத் தெரியும், முதல் உயிரில் செத்த இடம் இரண்டாம் உயிரில் நமக்குப் பாடம். அதைப் புரிந்துகொண்டு எடுத்த படம்.

கடைசியாக, மெஷினோடு ஒரு கன்ட்ரோலர்தான் வரும். இன்னொன்று சேர்த்து வாங்குங்கள், பில்லோடு. கிரிக்கெட் 24 என்ற கேமின் டிஸ்க் பழசாகக் கிடைக்கும், ஒரே டி.வி.யில் இரண்டு பேர் ஆடலாம். நீங்கள் வ.உ.சி. மைதானத்தில் லீக் ஆடிய காலத்தில் போட்ட ஆஃப் ஸ்பின்னை அதில் போட இடது குச்சியில் பந்து விழும் இடத்தைக் குறிக்க வேண்டும், பொத்தானை விடும் நேரம் சரியாக இருக்க வேண்டும். முதல் பத்து ஓவர் தம்பி உங்களை விளாசுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், வாங்குமுன் ஒரு மேட்ச் ஆடிப் பார்த்துவிடலாம்.